பேச முடிகிற வேகம்

மார்ச் 3

மாமா,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் எண்ணை என் கைப்பேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எழுதினால் உங்கள் பிள்ளைதான் பிரிப்பார். அதனால் இதைப் பூங்கா வாசலில் பெட்டி அக்காவிடம் கொடுக்கிறேன். ஓட வருகிறவர்களின் பைகளைப் பெட்டியில் பூட்டிச் சாவி கொடுக்கிறவளுக்கு இனி தபால்காரி வேலையும் சேர்ந்துகொண்டது. "ஒரே பார்க்குல ஓடிக்கிட்டு லெட்டர் என்ன லெட்டர்? நேர்ல பாத்து நாலு திட்டு திட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டாள். நேரில் பார்த்தால் நான் திட்ட மாட்டேன், அழுதுவிடுவேன். அது வேண்டாம்.

வெள்ளிக்கிழமை குடும்பநல ஆலோசகர் அறையில் நீங்களும்தான் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு உறைக்காது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆலோசகர் அம்மாள். இந்தப் பக்கம் நான், என் அம்மா, உங்கள் பிள்ளை, நீங்கள். உங்கள் பிள்ளை சொன்னார்: "தினம் விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவா மேடம். கேட்டா ஓடப் போறேன்பா. என் ஆபீஸ்ல ஒருத்தன் பார்த்திருக்கான். தொப்பி போட்ட ஒரு ஆளோட சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே ஓடினாளாம். யாருன்னு ஜனவரியிலேயே கேட்டேன். பதில் சொல்லாம பெட்டியத் தூக்கிட்டு வீட்ட விட்டே போயிட்டா."

ஜனவரியில் நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும். "வேண்டாம்மா, நேரம் பார்த்து நானே சொல்றேன்" என்று சொன்னது யார்? இரண்டு மாதம் நேரம் பார்த்தீர்கள். அன்றைக்கு அந்த அறையில் இதற்கு மேல் முடியாது என்று நானே சொன்னேன்: "அந்தத் தொப்பிக்காரர் உங்க அப்பாதான்." அவர் சிரித்தார். "எங்கப்பா ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சவரு மேடம். பார்க் வாசல்ல பெஞ்ச்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு வருவாரு. அப்பா, நீங்களே சொல்லுங்க."

நீங்கள் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தீர்கள்.

என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடற்கரை நெடுகிலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிற மனுஷன், ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

இனி உங்களோடு ஓட முடியாது. பூங்காவை விடவும் எனக்கு முடியாது, உங்களுக்கும் முடியாது. ஆகவே பிரித்துக்கொள்வோம். வாசலிலிருந்து இடது கைப்பக்கம், கடற்சுவரை ஒட்டிப் படகுக் கொட்டகைவரை போகிற பாதை உங்களுக்கு. வலது பக்கம் படியேறி விளக்குக் கோபுரம்வரை போகிற மேட்டுப் பாதை எனக்கு. நடுவில் உப்புக்குளத்துச் சுற்றில் இரண்டு பேருமே போக வேண்டாம்.

பூங்கா வாசல் பெட்டி என் பெயரில் இருக்கிறது. மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்குள் உங்கள் ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட, நான் இப்போது உங்களுக்கு யார் என்று தெரியவில்லை.

&nbsp;

மார்ச் 6

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டி அக்கா அதை என்னிடம் நீட்டும்போது, "லிஃப்ட்காரரே, உள்ள நெருப்பு இருக்கு, பாத்துப் பிரிங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

நீ பாகப் பிரிவினை செய்திருக்கும் அழகைப் பார்த்தேன். உனக்குக் கரடு, எனக்குச் சமதரை. இத்தனை கோபத்திலும் என் நெஞ்சுக்கு ஏற்ற பாதையை எனக்கு ஒதுக்கியிருக்கிறாய். நீ கவனிக்காமல் செய்திருப்பாய், நான் கவனித்தேன்.

ஆனாலும் எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் படி ஏறாமல் இருக்க உழைத்தவன் நான். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவனைப் படியேற வைத்தவள் நீ. உன் அத்தை போன பிறகு நாற்காலியும் நானும் ஒன்றாகிக் கிடந்தபோது, "மாமா, பேப்பரை மடிச்சு வைங்க, ஷூ வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று நின்றாய். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் நீயே போய்க் கேட்டாய். ஓடலாம், ஆனால் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது, மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் உடனே நடக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதற்காகத்தானே பேசிக்கொண்டே ஓடினோம்? முதலில் வைத்தியத்துக்குப் பேசினோம். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

படகுக் கொட்டகைப் பாதையில் என்ன இருக்கிறது? சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர். மேட்டுப் பாதையில்தான் கடல் தெரியும். கோபுரத்தின் கீழே அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கெண்டைக்காலை நீட்டுவாய், நான் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வேன். அதை முழுசாக உன் பேருக்கு எழுதிக்கொண்டால் எப்படி? ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கு விடு.

வெள்ளிக்கிழமை விஷயம். நான் பொய் சொல்லவில்லை, அம்மாடி. நீ சொன்னதை இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

மாமா

&nbsp;

மார்ச் 10

மாமா,

இல்லை என்று சொல்லவில்லையாம். ஆமாம் என்று சொன்னீர்களா?

நீங்கள் பேசாமல் இருந்ததை அந்த அறையில் எல்லோரும் எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? பாவம், மருமகள் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மாமனாரை இழுத்துவிடுகிறாள், பெரிய மனுஷர் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று. உங்களுக்கு நல்ல பேர் வந்தது. எனக்கு வந்த பேரைச் சொல்லவா? போன ஞாயிறு அம்மா பேசினாள். எடுத்த எடுப்பில், "யாருடி அவன்? எங்கிட்டயாவது சொல்லு. கோபப்பட மாட்டேன்" என்றாள். பெற்ற தாய், மாமா. என் பல்லுக்குக் கம்பி போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதவள். கோபப்பட மாட்டாளாம். "ஓடுறவ ஒருநாள் ஓடியே போயிடுவான்னு உன் வீட்டுக்காரரோட பெரியம்மா அன்னைக்கே சொன்னாங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

பெட்டி அக்காவைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் சாட்சி சொல்லிவிடுவாள். கூப்பிட மாட்டேன். வீட்டு ஆள் வாயில் வர வேண்டியதை வெளி ஆள் வாயிலிருந்து வாங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது?

லேப்பில் நேற்று நான் செய்த ஒரு மேல் வரிசைப் பல் செட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். இதுவரை உடைத்ததில்லை. முதலாளி கூடத்திலிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். முன்பென்றால் மறுநாள் காலை உங்களிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். இந்த முறை சொல்ல ஆளில்லாமல் என் வாடகை மாடி அறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. கடல் தெரியாது.

24ஆம் தேதி ஆலோசகர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இந்த முறை தனித்தனியாக. நான் காலையில், நீங்களும் உங்கள் பிள்ளையும் மாலையில். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ சொல்லாமல் விடுவீர்களோ, அது உங்கள் மனசைப் பொறுத்தது. எனக்கு அவரோடு மறுபடி வாழ வேண்டும் என்றுகூட இல்லை. பொய்க்காரி என்ற பேரோடு வெளியே போக முடியாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையும் மேட்டுப் பாதை எனக்குத்தான்.

&nbsp;

மார்ச் 15

அம்மாடி,

நீ சொன்னபடி கொட்டகைப் பாதையில்தான் ஓடினேன், நேற்றுவரை. ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது, உனக்குத்தான் சொல்ல முடியும். தனியாக ஓடும்போது எனக்கு வேகம் தெரியவில்லை. பேச ஆள் இருந்தால்தானே பேச்சு நிற்கிறதா என்று தெரியும்? முதல் நாள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். அடுத்த நாள் உன் அத்தையிடம் பேசுவதுபோல் பேசிப் பார்த்தேன். அவள் உயிரோடிருந்தபோதே என்னைக் குறுக்கே பேச விட்டதில்லை, இப்போது மட்டும் விடுவாளா?

நேற்று உன் எல்லைக்குள் வந்தேன். மறைக்கவில்லை. தற்செயலாக எதிர்ப்படுவதுபோல் வந்து நிற்கலாம் என்று நினைத்தேன். நீ நேரத்தை மாற்றிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாது. படி பாதி ஏறியபோது கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்தபோது பெட்டி அக்கா முகத்தைப் பார்த்ததுமே தண்ணீர் கொடுத்து, தன் நாற்காலியைக் கொடுத்து, திட்டும் கொடுத்தாள். இப்போது ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறேன்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்கவே இல்லை. நீயே ஒரு காரணம் வைத்திருப்பாய், பயந்தாங்கொள்ளி என்று. பாதி சரி. மீதியைச் சொல்கிறேன்.

ஸ்டென்ட் வைத்து என்னை அறைக்குக் கொண்டுவந்த அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். அவன் தனியாக என் பக்கத்தில் இருந்தான். அவன் அம்மா போனபோதுகூட அழாதவன். "ஆளுங்க வராங்க, நாற்காலி போடணும்" என்று ஓடிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "அம்மாவும் போயாச்சு. நீங்களும் போனா எனக்கு யாருப்பா இருக்கா? ஓட மாட்டேன், பாரம் தூக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றான். பண்ணினேன். எட்டாவது மாதம் உன்னோடு ஓட ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் சொன்னார் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். செருப்போடு வீட்டை விட்டுக் கிளம்பிப் பெட்டியில் ஷூ மாற்றிக்கொள்வது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அந்த அறையில் அவன், "அப்பா, நீங்களே சொல்லுங்க" என்றபோது அவன் முகத்தில் எத்தனை நம்பிக்கை இருந்தது தெரியுமா? உலகத்தில் ஒருத்தராவது தன்னிடம் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கை. அதை எப்படி அம்மாடி உடைப்பேன்?

24ஆம் தேதி என்னால் முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று எழுதிவிட்டு அப்புறம் உன்னை ஏமாற்ற மாட்டேன்.

மாமா

&nbsp;

மார்ச் 17

மாமா,

முதலில் ஒன்று. தனியாக ஓடாதீர்கள். நடங்கள். படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். டாக்டரை இந்த வாரமே பாருங்கள், பார்த்துவிட்டு அக்காவிடம் சொல்லுங்கள். மருமகளாகச் சொல்லவில்லை. யாராக என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது. அவர் நம்பிக்கையை உடைக்கக் கூடாது என்று என்னை உடைத்தீர்கள். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் உங்கள் கடிதத்தில் நீங்கள் படி ஏறிக் கண் இருட்டிய இடத்திலேயே போய்விட்டது. ஆனாலும் கணக்கு மாறாது, மாமா. அவர் உங்கள் பிள்ளை. அவர் அழுதால் தாங்க மாட்டீர்கள். நான் அழுதால் தாங்கிக்கொள்வீர்கள். அதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பெட்டியை மாதக் கடைசிவரை வைத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். 23ஆம் தேதியோடு முடிக்கிறேன். ஷூவையும் தொப்பியையும் அக்கா ஒரு பையில் போட்டுத் தருவாள். எங்கே ஒளித்து வைக்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரண் இருக்கிறது, உங்கள் பழைய கருவிப் பெட்டி இருக்கிறது.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

&nbsp;

மார்ச் 25

அம்மாடி,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

ஷூவை ஒளித்து வைக்கவில்லை. 23ஆம் தேதி பையோடு வீட்டுக்கு வந்து வாசலில் அவன் ஷூவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவன் கவனிக்கவில்லை. வேலையிலிருந்து வந்தான், சாப்பிட்டான், படுத்தான். நேற்று மாலை கிளம்பும்போது அதையே போட்டுக்கொண்டேன். காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அப்போதும் கவனிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் ஒருவர் காலை ஒருவர் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

ஆலோசகர் அம்மாள்தான் பார்த்தாள். மேட்டுப் பாதைச் செம்மண் அவள் விரிப்பில் உதிர்ந்திருந்தது. அதே நாற்காலி, அதே தண்ணீர் டம்ளர். "என்ன சார், நேரா வாக்கிங்லேருந்து வரீங்களா?" என்று கேட்டாள். நான் பையைத் திறந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டபோது பைத்தியக்காரன்போலத்தான் இருந்திருப்பேன். "அந்தத் தொப்பிக்காரன் நான்தான். அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். போன தடவை இதே இடத்துல நான் வாய மூடிக்கிட்டு உக்காந்ததாலதான் அவ பொய்க்காரி ஆனா. நீங்க அவங்கம்மாகிட்ட இன்னைக்கே சொல்லணும்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முடிந்ததும் மூச்சு வாங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே பேச முடிகிற வேகத்தைத் தாண்டிவிட்டேன்.

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். மூன்று வருஷமாக நான் பயந்த கத்தல் அது. அவன் கத்தவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டான். சொன்னேன்.

"அவ்வளவு நேரமும் பேசிக்கிட்டேதான் ஓடுவீங்களா?" என்றான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"என்ன பேசுவீங்க?"

என்ன சொல்வேன்? எல்லாம்தான் என்றேன். உன் முதலாளி கத்துவது, நீ சொந்தமாக லேப் வைக்க ஆசைப்படுவது, அதற்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அம்மாடி. லேப் விஷயத்தை அவன் அந்த அறையில்தான் முதல் தடவையாகக் கேட்டான். "அம்மாவப் பத்திப் பேசுவீங்களா?" என்றான். பேசுவேன் என்றேன். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனே, உன்னிடம் சொன்னதை அவனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எங்கிட்ட ஒரு நாள்கூடச் சொல்லலையேப்பா" என்றான்.

ஆலோசகர் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவன் என்னைப் பார்க்காமல் என் ஷூவைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரெண்டு பேரும் காலைல வீட்டுக்கு வருவீங்க. வந்ததுலேருந்து வீடு ஊமையா இருக்கும். காபி ஆச்சா, குளிச்சாச்சா, அவ்வளவுதான். நான்தான் ஏதோ தப்புப் பண்றேன், என்கூடப் பேச யாருக்கும் எதுவும் இல்லைன்னு நினைச்சுப்பேன். இப்பதான் தெரியுது, எல்லாத்தையும் அங்க பேசித் தீர்த்துட்டு வந்திருக்கீங்க." அப்புறம் சொன்னான்: "வேற எவனாவது இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. அவனோட சண்டை போட்டிருப்பேன். உங்களோட நான் என்னத்தப் போடறது?"

எழுந்து போய்விட்டான். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தான், சாப்பாடு போட்டான், என் மாத்திரையை எடுத்து வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்குக் கத்தியிருக்கலாம்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். முன்பே செய்திருக்க வேண்டும். செய்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன், அதுதான் நடக்கவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார். இப்போதைக்கு நடை மட்டும்.

மாமா

&nbsp;

மார்ச் 31

மாமா,

அம்மா 24ஆம் தேதி ராத்திரியே பேசினாள். பேசினாள் என்றால் அழுதாள். நானும் அழுதேன். "உன் மாமனார் காலத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும்டி" என்றாள். முதலில் என்னிடம் கேள் என்றேன். கேட்டாள். இதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று ஆரம்பித்தேன். ஆனால் அது மட்டும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேச யாரும் இல்லையாம்! எத்தனை நாள் சாப்பாட்டு மேஜையில் நான் வாயெடுத்தபோது அவர் கைப்பேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? என்னை ஊர் முன்னால் சந்தேகப்பட்டுவிட்டு இப்போது பரிதாபம் தேடுகிறாரா என்று கடிதத்தைக் கட்டிலில் எறிந்தேன். இரண்டு நாள் தொடவில்லை.

மூன்றாம் நாள் மேட்டுப் பாதையில் தனியாக ஓடிவிட்டுப் படியிறங்கும்போது ஞாபகம் வந்தது. நாம் எப்போதும் கடைசிப் படியில் வந்து நிற்கும்போது பேச்சு தீர்ந்திருக்கும். "சரி, போதும், மிச்சம் நாளைக்கு" என்பீர்கள். மிச்சத்தை அவருக்கு என்று நான் ஒரு நாளும் எடுத்துப்போனதில்லை. நீங்களும் இல்லை. மிச்சம்கூட நமக்குத்தான்.

அதற்காகத் திரும்பி வருவேன் என்று நினைக்காதீர்கள். ஜனவரியில் அவர் என் முகத்தைப் பார்த்து, "யாரு அவன்?" என்று கேட்டது என் காதில் இருக்கிறது. எத்தனை தனிமையாக இருந்தாலும் அதைக் கேட்டிருக்கக் கூடாது. பிரிவுக்குச் சம்மதம் என்று ஆலோசகரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் லேப்புக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருக்கிறது. ஆள் வேண்டும் என்கிறார்கள். வருகிற சனிக்கிழமை போகிறேன். மலைப் பக்கம், கடல் கிடையாது.

நீங்கள் என்னை வழியனுப்ப வர வேண்டாம். வந்தால் நாம் பேசிக்கொண்டே இருப்போம். நமக்கு அந்த வியாதி இருக்கிறது. நீங்கள் இனி பேச வேண்டியது வீட்டில் இருக்கிறது. அத்தை கடைசி வாரம் சொன்னதை அவருக்குச் சொல்லுங்கள். எனக்குச் சொன்ன மாதிரி முழுசாகச் சொல்லுங்கள், எதையும் விடாமல். அது எனக்குச் சேர வேண்டியதே இல்லை, மாமா. நான் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

மேட்டுப் பாதையை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, வாரம் முழுக்க. ஒரே நிபந்தனை, நடந்துதான் ஏற வேண்டும். தனியாக ஏறக் கூடாது.

உங்கள் பல்லுக்காரி

&nbsp;

ஏப்ரல் 12

அம்மாடி,

உன் புது முகவரியைப் பெட்டி அக்காவிடம் வாங்கினேன். லேசில் கொடுக்கவில்லை. "அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்" என்று என்னிடமே காவல் காத்தாள். ஒரே ஒரு கடிதம் என்று சொல்லி வாங்கியிருக்கிறேன்.

நேற்று அவன் என்னோடு வந்தான். நான் கூப்பிட்டு மூன்று ஞாயிறு ஆயிற்று. முதல் இரண்டு ஞாயிறும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். நேற்று நான் ஷூ போடும்போது எழுந்து வந்து, "மாத்திரை போட்டாச்சா?" என்றான். அவ்வளவுதான். அப்புறம் அவன் ஷூவையும் மாட்டிக்கொண்டான்.

ஓடவில்லை, நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கும் என்று பயந்தேன், அவனுக்குத்தான் வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் பிள்ளை என்னைவிடக் கிழவனாகிவிட்டான். பாதிப் படியில் உட்கார்ந்தோம், நான் உட்கார்ந்த அதே கைப்பிடிச் சுவர். பேசலாம் என்று வாயெடுத்தேன், வரவில்லை. உன்னோடு எப்படிப் பேசினேன் என்றே எனக்கு மறந்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டு பேரும் செருமிக்கொண்டோம்.

மீதிப் படியில் ஆரம்பித்தேன். அவன் அம்மா கடைசி வாரம் சொன்னது. நீ சொன்னபடி எதையும் விடவில்லை. அவன் எனக்கு ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருந்தான், முகம் தெரியவில்லை. காது மட்டும் தெரிந்தது. நான் நிறுத்தினால் அவனும் நின்றான், நான் சொன்னால் நடந்தான். சொல்லி முடிக்கும்போது கோபுரம் வந்துவிட்டது.

காற்று பலமாக இருந்தது. ஒரு கப்பல் வடக்கே போனது. அதை நான் சொல்லவில்லை.

அவன் கேட்டான்: "அவ எங்க நிப்பா?"

கம்பியைக் காட்டினேன். நீ கை வைக்கிற இடத்தில் வண்ணம் உரிந்திருக்கும் அல்லவா, அந்த இடம். அவன் போய் நின்றான். அங்கே கை வைத்தான்.

அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். பக்கத்தில் போகவா வேண்டாமா என்று தெரியவில்லை. ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதுபோல் குனிந்து, கட்டியிருந்ததை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா